அம்பில்லாமல் விட்ட நாண்

 

 

மிம்பரில் நின்று பிறருடைய தவறுகளைப் பற்றிப் பேசுவது எளிது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது என்னுடைய தவறு ஒன்றை. அது சிறிய தவறுதான்; அரை நொடியில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின் வந்த ஒன்றரை மணி நேரம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நடந்தது என்ன?

என் மூத்த சகோதரியின் மகனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் படித்துக்கொண்டே வில்வித்தை பயில்கிறான். ஓராண்டுக்கும் மேலாகப் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு புதிய காம்பவுண்ட் வில் வாங்கினான். வில் வந்துவிட்டது, அவனது கைநீளத்திற்கு ஏற்ப வெட்டப்பட வேண்டிய அம்புகள் மட்டும் இன்னும் வரவில்லை. வில்லை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "மாமா, முதலில் நீங்கள் பார்க்க வேண்டும்" என்றான்.

மஃரிபுக்குச் சற்று முன் அவன் ஒளூச் செய்யப் போனான். வில் என் மேசை மீது இருந்தது. ஓதிய காலத்திலிருந்தே அம்பெறிதலின் சிறப்பைப் பற்றிய ஹதீஸ்களைப் படித்தும் சொல்லியும் வந்திருக்கிறேன்; ஒரு நாளும் வில்லைத் தொட்டதில்லை. "பலம்" என்பதற்கு அம்பெறிவதே பொருள் என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மும்முறை விளக்கியதாக உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை எத்தனையோ முறை நானும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இழுத்துத்தான் பார்ப்போமே என்று எடுத்தேன்.

தொடக்கத்தில் நாண் அசையவே மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பாதிக்கு மேல் வந்ததும் திடீரென்று பாரம் இறங்கிவிட்டது. 'இவ்வளவுதானா!' என்று நினைத்தேன். மெல்லத் திரும்ப விடலாம் என்று கையைச் சற்று முன்னே கொடுத்தேன். அந்த நொடியில் இறங்கிய பாரம் முழுவதும் ஒரே இழுப்பில் திரும்பி வந்தது. நாண் விரலை விட்டு நழுவியது. வீடு அதிரும்படி ஒரு சத்தம். கையிலிருந்து தோள்வரை அதிர்ச்சி ஏறியது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தார்.

வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாண் இருந்த இடத்திலேயே இருந்தது. சக்கரங்கள் இருந்தன. எங்கும் உடைந்ததாகத் தெரியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தொழுகை முடிந்து அவன் கேட்டான்: "வில் எப்படி இருக்கிறது மாமா?" நான் சொன்னேன்: "மாஷா அல்லாஹ், நல்ல வில்."

சகோதரர்களே! அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை அண்மைக் காலத்தில் நான் சொன்னதாக நினைவில்லை.

அந்த வில்லின் தன்மை

நான் செய்தது எத்தகைய காரியம் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கருவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். காம்பவுண்ட் வில் பழங்காலத்து வில் அன்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் அதற்குக் காப்புரிமை கோரி, 1969இல் பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் சக்கரங்களைப் பொருத்தி, நாணையும் கேபிள்களையும் அவற்றின் வழியே ஓடவிட்டதுதான் அவர் செய்த புதுமை. இன்றைய வில்களில் அந்தச் சக்கரங்கள் முழு வட்டமாக இல்லாமல் கோணலான வடிவில் இருக்கும். அவற்றைக் 'கேம்' என்கிறார்கள். நாணை இழுக்க இழுக்க அவை சுழலும். ஓரளவைத் தாண்டியதும் கையின் மீதுள்ள பாரம் பெருமளவு குறைந்துவிடும். குறி பார்ப்பவர் கை நடுங்காமல் நிற்க இது உதவுகிறது.

என் மருமகனின் வில்லின் இழுவை 50 பவுண்டு. ஏறக்குறைய 23 கிலோ. முழுதாக இழுத்த பின் அதில் முக்கால் பங்கு குறைந்து, கையில் 6 கிலோவுக்கும் குறைவாகவே நிற்கும். பாரம் குறைவது கைக்குத்தான். வளைந்து நிற்கும் வில்லின் கைகளுக்கு அல்ல. 'லிம்ப்' எனப்படும் அந்தக் கைகளுக்குள் நாம் இழுத்த விசை முழுவதும் அடங்கிக் காத்திருக்கிறது. அனுபவமில்லாதவன் "லேசாகிவிட்டது" என்று எண்ணிக் கையைத் தளர்த்தும்போது, ஏமாந்துபோகிறான். நான் ஏமாந்த இடம் அதுதான்.

நாணில் அம்பு இருந்தால், அந்த விசையின் பெரும்பகுதியை அம்பு சுமந்துகொண்டு பறந்துவிடும். அம்பு இல்லையென்றால் அது எங்கே போகும்? வில்லுக்குள்ளேயே திரும்பும். கைகளையும் சக்கரங்களையும் அச்சுகளையும் நாணையும் தாக்கும். லிம்ப் பிளந்து சிதறலாம்; சக்கரம் வளையலாம்; நாண் அறலாம், அல்லது சக்கரத்தின் தடத்தைவிட்டு வெளியே பாயலாம். இதைத்தான் வில்வித்தைக்காரர்கள் 'டிரை ஃபயர்' என்கிறார்கள். அம்பில்லாமல் நாணை விடுவது என்று பொருள். பயிற்சிக்கு வரும் சிறுவனுக்கு முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்கப்படும் தடை இது.

மிக மெல்லிய அம்பைக்கூட இந்த வில் ஏற்காது. ஒரு பவுண்டு இழுவைக்குக் குறைந்தது 5 கிரெய்ன் எடையாவது அம்புக்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெய்ன். அதாவது 16 கிராமுக்குச் சற்று அதிகம். எண்ணிப் பாருங்கள்: அந்த 16 கிராம்தான் ஒவ்வொரு முறையும் இவ்வளவு பெரிய வில்லை உடையாமல் காப்பாற்றுகிறது.

ஒரே அம்பின் பொருட்டு மூவர் சுவனம் செல்வர் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. நன்மையை நாடி அதைச் செய்தவர், அதை எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர் ஆகிய மூவர். ஒரு சிறிய அம்புக்கு இத்தனை மதிப்பா என்று வியந்திருக்கிறேன். அன்று என் கையில் வில் இருந்தது, அம்புதான் இல்லை.

வில் உடைவதே இழிவு என்று எண்ணிவிடாதீர்கள். உஹதுப் போர்க்களத்தில் அபூதல்ஹா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு முன்னே அரணாக நின்று அம்பெய்தார்கள். அன்று அவர்களின் கையில் இரண்டோ மூன்றோ வில்கள் உடைந்தன என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவை கடமையில் உடைந்த வில்கள். நான் ஆபத்தில் தள்ளியது, பிறர் பொருளை விளையாட்டாக எடுத்ததால்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல்

மஃரிபுக்குப் பின் என் மருமகன் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தான். "நாளைக் காலையில் அம்புகள் வந்துவிடும் மாமா. மைதானத்தில் முதல் அம்பை விடப் போகிறேன். துஆச் செய்யுங்கள்" என்றான்.

எத்தனையோ பேருக்காக உயர்ந்த என் கைகள் அவனுக்காக உயரவில்லை. அந்த வில்லின் கைகளில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்திருந்தால்? நாளை அவன் அதை இழுக்கும்போது நாண் அவன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். லிம்ப் பிளந்தால் அதன் சிதறல் கண்ணுக்கு எவ்வளவு தூரம்?

உள்ளம் சாக்குகளைத் தேடியது. 'ஒன்றும் ஆகவில்லை என்று நீயே பார்த்தாயே!' என்றது. 'வேண்டுமென்றா செய்தாய்?' என்றது. 'ஊருக்கே உபதேசம் செய்யும் இமாம், சிறுபிள்ளை போல அடுத்தவர் பொருளை எடுத்து விளையாடியதாகச் சொன்னால் மரியாதை என்னாவது?' என்றது. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம்.

இஷாவுக்குப் பாங்கு சொல்லப்பட்டபோது ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிமில் பதிவான செய்தி இது.

இந்த ஹதீஸை வியாபாரிகளுக்கு என்றே நான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றுதான் வேறொன்று தெரிந்தது. மழை அந்த மனிதர் செய்த குற்றமில்லை. தானியம் நனைந்ததற்காக நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததைக் கீழே தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பிய அந்தக் கைகளைத்தான் கண்டித்தார்கள். என் விரலிலிருந்து நாண் நழுவியது மழையைப் போன்றது. "மாஷா அல்லாஹ், நல்ல வில்" என்றேனே, அது காய்ந்த தானியத்தை மேலே பரப்பியது.

இஷா முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி வில்லைப் பற்றியதன்று. "மாமா, உங்கள் கையில், முகத்தில் எங்கேயும் அடிபடவில்லையே?" என்று கேட்டான்.

பாவமில்லை, பொறுப்பு உண்டு

மறுநாள் வில்லைச் சரிபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் சிறிது பஞ்சை எடுத்து லிம்ப்களின் ஓரங்களில் மெதுவாக ஓட்டினார். கீழ்ப்பக்க லிம்பின் நுனியருகே பஞ்சின் இழை சிக்கி நின்றது. கண்ணாடி இழையால் ஆன அந்தக் கையில் ஒரு நூல் பிரிந்து எழும்பியிருந்தது. முந்தின இரவு விளக்கு வெளிச்சத்தில் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. "இதை இன்னும் சில தடவை இழுத்திருந்தால் பிளந்திருக்கும்" என்றார் அவர். லிம்ப்களையும் நாணையும் மாற்ற வேண்டும் என்றார். செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

என் சகோதரி சொன்னார்: "தம்பி, தெரியாமல் நடந்ததுதானே, விட்டுவிடு. அவன் பார்த்துக்கொள்வான்." நம் வீடுகளில் இப்படிச் சொல்வதைப் பெருந்தன்மை என்று கருதுகிறோம். இங்கே மார்க்கச் சட்டத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

தவறுதலாகச் செய்துவிட்டதற்குக் குற்றமில்லை, உள்ளம் வேண்டுமென்றே நாடியதற்கே குற்றம் என்ற கருத்தை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். இது அவனது பேரருள். அதே வேளையில், தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலும் அதற்கு ஈட்டுத்தொகை உண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தில் விதிக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்த்த இமாம்கள், தவறுதல் பாவத்தை நீக்கும், ஆனால் பிறர் பொருளுக்கு ஏற்பட்ட இழப்பின் பொறுப்பை நீக்காது என்று விளக்கினார்கள். இதை 'ளமான்' என்பார்கள். முதலாவது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. இரண்டாவது அடியானுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ளது.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அவர்கள் தம் மனைவியரில் ஒருவரது வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். வீட்டிலிருந்த மனைவி ரோஷத்தில் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நபியவர்கள் உடைந்த துண்டுகளையும் சிந்திய உணவையும் தாமே பொறுக்கிச் சேர்த்தார்கள். பணியாளை நிறுத்திவைத்து, உடைந்ததற்குப் பதிலாக நல்ல பாத்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்ததை உடைத்தவரின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே கூச்சல் இல்லை, அவமானப்படுத்தல் இல்லை. 'போகட்டும், ஒரு பாத்திரம்தானே' என்ற அலட்சியமும் இல்லை.

மன்னிக்கும் உரிமை பொருளுக்குரியவருக்கே உண்டு. உடைத்தவன் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது. நடுவில் நிற்பவர்களும் அவர் சார்பில் மன்னிக்க முடியாது. அதனால் என் மருமகனிடமே கேட்டேன். அவன் நெடுநேரம் மறுத்தான். நான் விடவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே, "பாதியை மன்னிக்கிறேன் மாமா, பாதியை வாங்கிக்கொள்கிறேன்" என்றான். நான்கு தவணையில் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு தவணை முடிந்துவிட்டது. மீதியையும் அல்லாஹ் இலேசாக்குவானாக!

வாரண்டி என்னும் சோதனை

இடையில் இன்னொரு சோதனையும் வந்தது. விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், "பெட்டியைப் பிரிக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். புதிய வில்தானே, வாரண்டியில் மாற்றித் தருவார்கள்" என்றார். அம்பில்லாமல் நாணை விட்டதால் வரும் சேதத்தை வாரண்டியில் ஏற்பதில்லை என்பது வில் தயாரிப்பவர்களின் பொதுவான நிபந்தனை. அதனால்தான் இந்த யோசனை.

நண்பர் நல்லவர், தொழுகையாளி. எங்கள் மீதுள்ள அன்பினால்தான் சொன்னார். 'கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு நஷ்டமா?' என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். சகோதரர்களே! ஈரத் தானியத்தை வாங்கப்போகிறவர் ஏழையா, பணக்காரரா என்று நபியவர்கள் விசாரிக்கவில்லை.

அம்பில்லாமல் விடப்பட்ட வில்லை அதைச் சொல்லாமலே பழைய விலைக்கு விற்றுவிடுவோரும் உண்டு. விபத்தில் நெளிந்து நிமிர்த்தப்பட்ட இரு சக்கர வாகனத்தை "ஒரு கீறல்கூட இல்லை" என்று விற்பதும் இதே இனம்தான். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. குறையை மறைத்து விற்ற பணம் நம் வீட்டுக்குள் வருகிறது. குறையோ அடுத்தவர் பிள்ளையின் கைக்குப் போகிறது.

வில் பயிலும் பிள்ளைகளுக்கு

இன்று நம் இளைஞர்கள் பலர் இந்தக் கலையை நாடுகிறார்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023இல் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்திய வீரர்களும் வீராங்கனைகளும் வென்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்படுவதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. நபிவழியில் ஊக்கப்படுத்தப்பட்ட ஒரு கலையை நம் பிள்ளைகள் விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் அதன் ஒழுங்குகளோடு பயிலச் செய்யுங்கள்.

வில் உங்களுடையதானாலும் அம்பு பூட்டாமல் நாணை இழுக்காதீர்கள். அம்பு பூட்டியிருந்தாலும் இலக்கை நோக்கியே இழுங்கள். கை நழுவினால் அம்பு இலக்கிலேயே பாயட்டும். "எங்கே, நான் இழுக்கிறேன்" என்று கேட்கும் மாமா உட்பட எவர் கையிலும் வில்லைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர், யாரையும் காயப்படுத்தாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்றும் தடுத்தார்கள்.

மீறி நாண் நழுவிவிட்டால், சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் இழுக்காதீர்கள். லிம்ப்களை விரலால் தடவாதீர்கள், சிலாம்பு ஏறிவிடும். பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்காவிட்டாலும் அதோடு நிறுத்திவிடாமல், வில்லை அழுத்திப் பிரிக்கும் 'பிரஸ்' வைத்திருக்கும் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோய் அச்சு, சக்கரம், நாண், கேபிள் அனைத்தையும் சோதியுங்கள். என்ன நடந்தது என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் எங்கே தேட வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை!

நாற்பது வயதைக் கடந்தவன், மார்க்கம் கற்றவன், ஒரு தவறைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் தயங்கினேன். அப்படியானால் ஏழு வயதுக் குழந்தை என்ன செய்யும்?

தம்பியைத் தூக்கும்போது கைநழுவிக் கீழே போட்டுவிட்ட அக்காள், அடிக்குப் பயந்து அதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். தம்பியின் தலையில் பட்ட உள்காயம் அன்றிரவு யாருக்கும் தெரியாமல் வளரலாம். பாட்டிக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்ட பேரன் வாய் திறக்காமல் இருக்கலாம். உடைந்த கண்ணாடிக் குவளைக்காக நேற்று நாம் போட்ட கூச்சல்தான் இன்று அந்தப் பிள்ளையின் வாயை மூடியிருக்கும்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தக் காலம் முழுவதும், ஏன் இதைச் செய்தாய் என்றோ, ஏன் இதைச் செய்யவில்லை என்றோ நபியவர்கள் தம்மைக் கடிந்ததில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு எதையும் மறைக்கத் தேவை இருக்காது.

எனவே உங்கள் பிள்ளை ஒன்றை உடைத்துவிட்டு வந்து தானே சொன்னால், முதலில் என் மருமகன் என்னிடம் கேட்டதைக் கேளுங்கள்: "உனக்கு அடிபடவில்லையே?" அடுத்து, அது யாருடைய பொருளோ அவரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வையுங்கள். ஈடு கொடுக்க வேண்டியிருந்தால் பிள்ளையின் உண்டியலிலிருந்தும் சிறு பங்கு போகட்டும்.

யா அல்லாஹ்! நாங்கள் மறந்தும் தவறியும் செய்தவற்றை மன்னிப்பாயாக! தவறிய பின் அதை மறைக்கத் தூண்டும் உள்ளத்தின் தீங்கிலிருந்து எங்களைக் காப்பாயாக! பிறருக்கு நாங்கள் ஏற்படுத்திய இழப்புகளை இவ்வுலகிலேயே ஈடுசெய்யும் வசதியையும் துணிவையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகள் அச்சமின்றி உண்மை பேசும் இல்லங்களாக எங்கள் இல்லங்களை ஆக்குவாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!